முடிச்சே இல்லாத சடை

காலையில் பின்னிய சடை மாலையில் பள்ளி விடும்போதும் அப்படியே நிற்கிறது. இடையில் அதன் சொந்தக்காரி ஓடியிருக்கிறாள், கயிறு தாண்டியிருக்கிறாள், பின்பெஞ்சுத் தோழி ஒருமுறை பிடித்து இழுத்தும் இருக்கிறாள். இத்தனைக்கும் அந்தச் சடையில், வேரிலிருந்து நுனிவரை, ஒரு முடிச்சுகூடக் கிடையாது. சந்தேகம் இருந்தால் நுனியில் உள்ள ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு, கீழிருந்து விரலால் கோதிக்கொண்டே மேலே போய்ப் பாருங்கள். முடிச்சு என்று அவிழ்க்க வேண்டிய இடம் எங்கேயும் வராது. கொஞ்ச நேரத்தில் கூந்தல் முழுவதும் விரிந்துவிடும்.

முடிச்சுப் போடாமலே இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது? கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், மூன்று நிற ரிப்பன் போதும். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பையன்களும் உட்காருங்கள். தங்கைக்குச் சடை பின்னத் தெரிந்த அண்ணன் இருக்கும் வீட்டில் பள்ளி நாள் காலை அவ்வளவு பரபரப்பாக இருக்காது.

சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒரே நீளத்தில் மூன்று ரிப்பன் எடுத்து, மேல்முனைகளைச் சேர்த்து ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். இடது ஓரத்தில் சிவப்பு, நடுவில் பச்சை, வலது ஓரத்தில் மஞ்சள். இனி வழக்கமான மூணுகால் பின்னல்தான். இடது ஓரத்தில் இருப்பதை நடுவில் இருப்பதற்கு மேலாகத் தாண்டவைத்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து வலது ஓரத்தில் இருப்பதை அதேபோல் நடுவுக்கு. மறுபடி இடது, மறுபடி வலது. ஆறு தாண்டல் முடிந்ததும் நிறுத்திப் பாருங்கள். சிவப்பு இடது ஓரத்துக்கும், பச்சை நடுவுக்கும், மஞ்சள் வலது ஓரத்துக்கும் திரும்பி வந்திருக்கும். எத்தனை முழம் பின்னினாலும் ஆறுக்கு ஒருமுறை இந்த வரிசை திரும்பும்.

வரிசை திரும்புவதை விட அழகான விஷயம் ஒன்று உண்டு. எந்த நிறம் எதன் மேல் தாண்டியது என்று ஒவ்வொரு குறுக்காக எழுதிக்கொண்டே வாருங்கள். சிவப்பும் பச்சையும் சந்திக்கும் இடத்தில் எல்லாம் சிவப்புதான் மேலே இருக்கும். பச்சையும் மஞ்சளும் சந்தித்தால் எப்போதும் பச்சை மேலே. அப்படியானால் சிவப்பு மஞ்சளுக்கும் மேலேதானே இருக்க வேண்டும்? இல்லை! மஞ்சளும் சிவப்பும் சந்திக்கும்போதெல்லாம் மஞ்சள்தான் மேலே. ஒவ்வொரு காலும் ஒன்றை அழுத்துகிறது, இன்னொன்றுக்குக் கீழே அழுந்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் கால் என்று ஒன்று இல்லவே இல்லை. மேலே இருப்பதாகத் தெரிகிற எதையும் அப்படியே தூக்கி எடுத்துவிட முடியாதபடி வேறொன்று அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மஞ்சளை மட்டும் கீழ்முனையிலிருந்து உருவி எடுத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் இரண்டும் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டிருக்கும் என்று நினைப்பீர்கள். ஆனால் பச்சை கீழே படுத்திருக்கிறது, சிவப்பு முழுக்க முழுக்க அதன் மேலே கிடக்கிறது, அவ்வளவுதான். கையால் தூக்கினால் தனியே வந்துவிடும். எந்த நிறத்தை எடுத்தாலும் இதே கதைதான். பின்னலில் எந்த இரண்டு காலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மூன்றும் சேர்ந்து இருக்கும்போது மட்டும்தான் பிடிப்பு பிறக்கிறது.

இரண்டே காலை வைத்துப் பின்ன முடியாததற்கும் இதுவே காரணம். இடது ஓரத்தை வலதின் மேல் போட்டுவிட்டு, அடுத்து வலது ஓரத்தில் இருப்பதைத் திருப்பி இடதின் மேல் போட்டால், போட்ட அதே கால் வந்த வழியே திரும்பிவிடும், ஒன்றும் மிஞ்சாது. ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனால் அது முறுக்கு. முறுக்கு விட்ட கையோடு பிரியப் பார்க்கும். கயிறு திரிப்பவர்கள் ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்கி, புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள். பிரியப் பார்க்கும் இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும். சடைக்கு அந்தத் தந்திரம் தேவையில்லை. இடமும் வலமும் மாறி மாறித் தாண்டுவதால் ஒரு பக்கமாகச் சுழல வேண்டும் என்ற இழுப்பே அதில் சேர்வதில்லை. முதுகில் தட்டையாகப் படுத்திருப்பதும் அதனால்தான்.

இந்த மாதிரிக் குறுக்குத் தாண்டல்களைக் கணிதமாகவே எழுதிக்காட்டியவர் எமில் ஆர்ட்டின். வியன்னாவில் பிறந்தவர். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருந்தபோது, 1925ஆம் ஆண்டு, பின்னல்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு தாண்டலைக் குறிக்க ஓர் எழுத்து, அதை அவிழ்க்கும் தாண்டலுக்கு அதன் எதிர் எழுத்து. இப்படி எழுதினால் எந்தப் பின்னலையும் ஒரு சொல்லைப் போல எழுதிவிடலாம், இரண்டு பின்னல்களை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பெருக்கவும் செய்யலாம். தினமும் காலையில் நடக்கும் ஒரு வேலைக்குள் இப்படி ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. இன்று இது கணிதத்தில் ஒரு பெரிய பிரிவு.

அந்த ரிப்பன்களை வீணாக்காதீர்கள். உருவியதையும் சேர்த்து மறுபடி ஆறு தாண்டல் பின்னுங்கள். கம்பியிலிருந்து கழற்றி வட்டமாக வளைத்து, சிவப்பின் மேல்முனையைச் சிவப்பின் கீழ்முனையோடு தைத்துவிடுங்கள். பச்சைக்கும் மஞ்சளுக்கும் அப்படியே. மூன்று வளையங்கள் கிடைக்கும். எந்த இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்காது, ஆனாலும் மூன்றையும் பிரிக்க முடியாது. ஏதாவது ஒன்றைக் கத்தரித்தால் மற்ற இரண்டும் தானே விலகிவிடும். இத்தாலியில் பொரோமியோ என்ற பழைய குடும்பத்தின் சின்னத்தில் இந்த மூன்று வளையங்கள் இருப்பதால் இவற்றுக்குப் பொரோமிய வளையங்கள் என்று பெயர். 2004ஆம் ஆண்டு ஃப்ரேசர் ஸ்டாடர்ட் என்ற வேதியியலாளரின் குழு, கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளைக் கொண்டே இந்த வளையங்களைக் கட்டியது. 2016இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

சரி, ரிப்பனிலிருந்து முடிக்கு வருவோம். குறுக்குத் தாண்டல் மட்டும் போதுமென்றால் வழவழப்பான நைலான் நூலும் முடியைப் போலவே நிற்க வேண்டும். நிற்காது. நைலான் நூலில் பின்னி விட்டுப் பாருங்கள், சரசரவென்று நுனியிலிருந்து பிரிந்துகொண்டே வரும். முடிக்கு அதன் மேற்பரப்பில் ஒரு விசேஷம் இருக்கிறது.

தலைமுடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. உங்கள் நகமும் மாட்டின் கொம்பும்கூட அதே புரதம்தான். ஒரு முடியின் தடிமன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். அதை நுண்ணோக்கியில் பார்த்தால் மேற்பரப்பு முழுவதும் மெல்லிய செதில்கள். நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் ஒரு வரிசையின் ஓரம் அடுத்த வரிசையின் மேல் படிந்திருப்பது போல, செதில்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எல்லாம் நுனியைப் பார்த்தபடி இருக்கும். வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும். நுனியிலிருந்து வேருக்குத் தடவினால் செதில் விளிம்புகள் எதிர்க்கும்.

உதிர்ந்த நீளமான முடி ஒன்றைச் சீப்பிலிருந்து எடுங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேர்ப்பக்கம். முடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, முடியின் நீளவாக்கிலேயே இரண்டு விரல்களையும் முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டிருங்கள். முடி ஒரே பக்கமாக ஊர்ந்து நகரும், எப்போதும் வேர்ப்பக்கத்தை முன்னால் வைத்து! முடியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துச் செய்தால் நகரும் திசையும் திரும்பிவிடும். செதில்கள் ஒரு பக்கம் விட்டுக்கொடுத்து மறுபக்கம் மறுப்பதால் வரும் விளைவு இது. நம் தலையில் இப்படிப்பட்ட முடிகள் சுமார் ஒரு லட்சம். சடைக்குள் அவை லட்சக்கணக்கான இடங்களில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன.

உராய்வு மட்டும் இருந்து அழுத்தம் இல்லாவிட்டால் பயனில்லை. விரித்த கூந்தலிலும் அதே செதில்தானே இருக்கிறது? அழுத்தத்தைக் கொடுப்பது வளைவு. இழுத்துப் பிடித்த ஒரு கயிறு எதையாவது சுற்றி வளைந்தால், சுற்றிய பொருளை அது அழுத்தும். அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். துறைமுகத்தில் கப்பலின் கயிற்றைக் கரையில் உள்ள குட்டையான இரும்புத் தூணில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு ஓர் ஆள் நிம்மதியாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். இதற்கான கணக்கை 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற கணித மேதை போட்டுவிட்டார். உராய்வெண் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்குப் பிடிப்பு ஏறத்தாழ ஆறரை மடங்காகிறது. இரண்டு சுற்றுக்கு 43 மடங்கு. மூன்று சுற்றுக்கு 286 மடங்கு! ஒவ்வொரு சுற்றும் பிடிப்பைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது.

சடையில் ஒவ்வொரு கால் தாண்டும்போதும் ஒரு சின்ன வளைவு. அடுத்த தாண்டலில் இன்னொன்று. இப்படி இருபது முப்பது வளைவுகளின் பிடிப்பு பெருகிப் பெருகி மேலே போகிறது. அதனால் சடையின் மேல்பாதி அசைக்க முடியாத உறுதியோடு இருக்கிறது, கடைசி நாலைந்து தாண்டல்கள்தான் பலவீனம். அவற்றுக்குக் கீழே பிடித்துக்கொள்ள வளைவுகள் மிச்சம் இல்லை. முடிகளின் நீளமும் அங்கே ஒன்றுபோல் இல்லாததால் கால் ஒவ்வொன்றும் மெலிந்துபோகிறது. சடை தானாக அவிழ வேண்டுமென்றால் நுனியில்தான் தொடங்கும். நுனியைக் காத்தால் முழுச் சடையையும் காத்த மாதிரி. அந்த வேலைக்குப் பெரிய பலம் வேண்டியதே இல்லை, ஒரு சின்ன பேண்ட் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சடை நிற்க வேண்டும் என்பதற்காக நெற்றி முடியைக் கண் இழுக்கும் அளவுக்கு இறுக்கிப் பின்னுகிறார்கள். புருவம் மேலே ஏறி நிற்கும், பிள்ளை முதல் பீரியடிலேயே தலைவலி என்பாள். அந்த இறுக்கம் சடையின் உறுதிக்கு உதவுவதே இல்லை. ஒரு முடியில் சுமார் நூறு கிராம் எடையைத் தொங்கவிடலாம், முடித்தண்டு அவ்வளவு வலுவானது. ஆனால் அதன் வேர் உயிருள்ள தோலுக்குள் உட்கார்ந்திருக்கிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் நெற்றியோரத்திலும் காதுக்கு மேலேயும் முடி மெலிந்து, கடைசியில் அந்த இடத்தில் முளைக்காமலே போகலாம். தோல் மருத்துவர்கள் இதை இழுவையால் வரும் முடியுதிர்வு என்கிறார்கள். வலிக்கிறது என்றால் அம்மாவிடம் தயங்காமல் சொல்லுங்கள். "மேலே கொஞ்சம் தளர்த்திட்டு, கீழே நல்லா கட்டும்மா" என்றால் போதும், அறிவியல் உங்கள் பக்கம்.

பின்னத் தெரியாதவர்கள் கற்றுக்கொள்ளும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். பெரிய பல் சீப்பால் முதலில் சிக்கு எடுங்கள், நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலேறுங்கள். உச்சியிலிருந்தே இழுத்தால் எல்லாச் சிக்கும் கீழே ஒன்றாகத் திரண்டு முடி அறுந்துவிடும். மூன்று காலும் ஒரே பருமனாக இருக்கட்டும். ஒன்று தடித்துவிட்டால் மற்ற இரண்டும்தான் வளையும், அது நேராக நிற்கும், பிடிப்பு குறையும். ஒவ்வொரு தாண்டலிலும் காலைக் கீழ்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் இழுத்து இறுக்குங்கள். குறுக்குகள் நெருங்கி அமரும், தலையும் வலிக்காது.

நுனியைக் கட்டுவதற்கு, பணக்கட்டுக்குப் போடும் வெறும் ரப்பர் பேண்ட் வேண்டாம். ரப்பர் பால் மரத்தில் வடிந்த நிலையில் வெயிலில் இளகும், குளிரில் உடையும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறைக்குச் சார்லஸ் குட்இயர் 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே லண்டனில் ஸ்டீஃபன் பெர்ரி ரப்பர் பேண்டுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அருமையான கண்டுபிடிப்பு, ஆனால் வெறும் ரப்பர் முடியை அளவுக்கு மீறிப் பற்றும். கழற்றும்போது செதிலைப் பெயர்த்து முடியையும் பிய்த்துக்கொண்டு வரும். நுனி முடி சாதாரண முடியல்ல, வயதான முடி. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது என்றால், 60 சென்டிமீட்டர் நீளக் கூந்தலின் நுனி முளைத்து ஐந்து வருடம் ஆகியிருக்கும்! ஐந்து வருட வெயிலும் சீப்பும் பட்டுச் செதில் தேய்ந்த அந்த முடிக்குத் துணி சுற்றிய பேண்டோ ரிப்பனோதான் பொருத்தம்.

பள்ளிக்கூட ரெட்டைச் சடையில் ரிப்பன் கட்டும் முறை எனக்கு மிகவும் பிடித்த பொறியியல். பாதி பின்னியதும் ரிப்பனை நடுவில் மடித்துச் செருகி, இரண்டு கால்களோடு சேர்த்துக் கீழ்வரை பின்னிக்கொண்டு போவார்கள். ரிப்பனும் ஒவ்வொரு தாண்டலிலும் வளைவதால் அது வழுக்கி இறங்க வழியே இல்லை. பிறகு சடையை மேலே மடித்துக் காதோரம் கட்டும்போது, அவிழக் காத்திருக்கும் மெலிந்த நுனி உள்ளே அடங்கிவிடுகிறது. கட்டு விழுவது சடையின் பருமனான பகுதியில். நடன மேடைக்குச் சவுரி வைத்துப் பின்னி, நுனியில் குஞ்சலம் சேர்ப்பதிலும் இதே அறிவு இருக்கிறது. குஞ்சலத்தின் கறுப்பு நூல்கள் கால்களோடு பின்னப்படுகின்றன, அதன் எடை சடையைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. இழுவை கூடினால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் பிடிப்பும் கூடும்.

ரிப்பனில் போடும் பூ முடிச்சு சிலருக்கு அடிக்கடி அவிழ்ந்துவிடும். முதல் முடிச்சில் வலது முனையை இடது முனையின் மேல் போட்டீர்கள் என்றால், அடுத்துப் பூவைப் போடும்போது இடது பக்கத்து வளையத்தை வலது பக்கத்தின் மேல் போட வேண்டும். இரண்டு முறையும் ஒரே பக்கமாகப் போட்டால் பூ குறுக்கே நிற்காமல் சடையின் நீளவாக்கில் திரும்பிக்கொள்ளும், சீக்கிரம் தளரும். 2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஷூ லேஸ் ஏன் அவிழ்கிறது என்று ஆராய்ந்தார்கள். காலடி தரையில் மோதும் அதிர்ச்சியில் முடிச்சு இளகுகிறது, ஆடும் முனைகள் அதை இழுத்து அவிழ்க்கின்றன என்று கண்டார்கள். ஒரே பக்கமாகப் போட்ட முடிச்சு இன்னும் எளிதில் தோற்றது. ரிப்பனின் தொங்கும் முனைகளை அளவோடு வைப்பதும் நல்லது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஈரத் தலையில் இறுக்கிப் பின்னக் கூடாது என்று பாட்டி சொல்வார் அல்லவா? கெரட்டின் இழைகளைப் பக்கத்துப் பக்கத்தில் பிணைத்து வைத்திருப்பவை பல வகைப் பிணைப்புகள். அவற்றில் ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீர் பட்டதும் விட்டுவிடும். ஈரமுடி பருத்து, இளகி, எளிதில் நீளும், எளிதில் அறுந்தும் போகும். காயும்போது பழைய அளவுக்குச் சுருங்கும், அப்போது இறுகிய சடை வேரை இன்னும் இழுக்கும். பாதி காய்ந்த முடியைத் தளர்வாகப் பின்னி நன்றாகக் காய்ந்த பின் அவிழ்த்தால் கூந்தல் அலை அலையாக இருக்கும். வளைந்த நிலையிலேயே பிணைப்புகள் புதிதாகச் சேர்ந்துவிட்டன. மறுபடி தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அலை காணாமல் போய்விடும். கந்தகம் போடும் பிணைப்புகள் தண்ணீருக்கு அசைவதில்லை. சுருட்டை முடிக்காரர்களின் சுருள் எத்தனை முறை குளித்தாலும் அப்படியே இருக்கிறதே! முடியைச் சுட்டால் வரும் நாற்றமும் அந்தக் கந்தகத்தால்தான்.

தேங்காய் எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். 2003இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று, தேங்காய் எண்ணெய் தடவிய முடி தலைக்குக் குளிக்கும்போது புரதத்தைக் குறைவாகவே இழக்கிறது, சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தத் திறன் இல்லை என்று காட்டியது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சின்னது, நேரானது, அதனால் முடிக்குள் நுழைய முடிகிறது. பின்னும்போது இரண்டு துளியைக் கையில் தேய்த்துத் தடவினால் பறக்கும் சில்லறை முடிகளும் படியும். வழிய வழியத் தடவ வேண்டியதில்லை.

பின்னலுக்குள் கணக்கு ஒளிந்திருப்பதை இன்னோர் இடத்திலும் பார்க்கலாம். ஆப்பிரிக்காவில் தலையோடு ஒட்டி, வரிசை வரிசையாக, நெளிநெளியாகப் பின்னும் வழக்கம் மிகப் பழமையானது. அங்கே ஒவ்வொரு தாண்டலிலும் தலையிலிருந்து கொஞ்சம் புது முடியை எடுத்துச் சேர்த்துக்கொண்டே போவார்கள். நம் ஊரில் பிரெஞ்சுப் பின்னல் என்று சொல்வதும் இதே வழிதான். ரான் எக்லாஷ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தப் பின்னல்களில் ஒரே வடிவம் நகர்ந்து, திரும்பி, படிப்படியாகச் சிறுத்தோ பெருத்தோ மறுபடி மறுபடி வருவதைக் காட்டினார். பிள்ளைகள் கணினியில் பின்னல் வரைந்தே வடிவியல் கற்க மென்பொருளும் உருவாக்கினார்.

இரவில் சடையைப் பிரித்தால் கையோடு ஒரு கொத்து முடி வரும், பார்த்ததும் பயந்துவிடுவீர்கள். ஆரோக்கியமான தலையிலிருந்தே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிரும். கூந்தல் விரிந்திருந்தால் அவை பள்ளியிலும் பஸ்ஸிலும் ஒவ்வொன்றாக விழுந்திருக்கும், நீங்கள் கவனித்தே இருக்க மாட்டீர்கள். வேர் விட்டுப் போன பிறகும் பக்கத்து முடிகளின் உராய்வு அவற்றை நாள் முழுக்கச் சடைக்குள்ளேயே பிடித்து வைத்திருந்தது.